காலி வண்டியின் எடை

"அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு பேரு வாங்கப்பா, தலமாடு எறங்குது பாரு!"

ஐஸ் பெட்டியை வாசல் தாண்டி உள்ளே கொண்டுவர எட்டுப் பேர் திணறிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் சாரம் பகுதியின் அந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலும் ஒன்றரை ஆள் அகலம்தான். பெட்டியைச் சாய்க்கக் கூடாது என்று ஒருவர் கத்தினார். சாய்க்காமல் போகணும் என்றால் நீயே சுவரை இடித்துக் கொடு என்று இன்னொருவர் திருப்பிக் கத்தினார்.

"காலிப் பெட்டிய மொதல்ல உள்ள வச்சிட்டு அப்புறம் ஆள வச்சிருக்கணும். தெருவுலயே வச்சிட்டு இப்ப ரெண்டையும் சேத்துத் தூக்கறோம். எவன்டா சொன்னது இப்படி?"

எவன் சொன்னதோ தெரியவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் யோசனை சொல்வார்கள், பிறகு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த சிவசங்கரி அதைக் கேட்டாள். பெட்டி நூற்றுப் பத்து கிலோ இருக்கும், அதற்குள் இருக்கிற புருஷன் எண்பத்திரண்டு, இரண்டும் சேர்ந்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, எட்டுப் பேருக்கு ஆளுக்கு இருபத்துநாலு என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. போட்டு முடித்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அலறினாள். புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு அழுகிறாள் என்று பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலும் பொய்யில்லை.

அவள் புருஷன் அருள்முருகன் நேற்றுக் காலை ஒன்பதரை மணிக்குச் செத்துப்போனான். முப்பத்தோரு வயது. சொந்தமாக ஒரு பொக்லைன், அதை ஏற்றிக்கொண்டு போக ஒரு டிரெய்லர், இவை இரண்டும்தான் அவன் சம்பாத்தியம். கருவடிக்குப்பத்தில் ஒரு மனையில் அஸ்திவாரம் தோண்டி முடித்து, பொக்லைனை டிரெய்லரில் ஏற்றும்போது டிரெய்லரின் கழுத்து முறிந்தது. டிரெய்லரின் தளம் தரையை ஒட்டி இருக்கும். அதன் முன்பாகம் மட்டும் வாத்துக் கழுத்தைப் போல மேலே வளைந்து போய் இழுக்கிற வண்டியின் முதுகில் உட்காரும். அந்த வளைவில்தான் முறிந்தது. சாய்ந்த பொக்லைனுக்குள் இருந்த ஆபரேட்டர் விக்ரம் தோள்பட்டை எலும்பு முறிந்து தப்பித்தான். பக்கத்தில் நின்று அவனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த அருள்முருகனுக்கு விலக நேரம் இருக்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து இன்று பத்தரை மணிக்குத்தான் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். கொண்டுபோவதும் அதே கருவடிக்குப்பத்துச் சுடுகாட்டுக்குத்தான்.

மாமியார் செல்வாம்பாள் நேற்றிலிருந்து சிவசங்கரியின் கையை விடவில்லை. வருகிற பெண்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நேத்து காலைல இவ சொன்னாடி. அந்தக் கழுத்த ஒரு தடவ பாத்துட்டு ஏத்துங்கன்னு வாசல்ல நின்னு சொன்னா. நான் காதால கேட்டேன். கட்டினவளுக்கு மனசுல பட்டிருக்குது பாரு. அந்தப் பாவிதான் சிரிச்சுக்கினே பூட்டான்."

கேட்டவர்கள் சிவசங்கரியின் கன்னத்தைத் தொட்டுத் தங்கள் நெற்றியில் சொடக்குப் போட்டார்கள். பத்தினிக்குத் தெரியாமல் இருக்குமா என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவள் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டு பெருமூச்சு விட்டாள். சிவசங்கரிக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். செல்வாம்பாள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வெளியே பந்தலில் ஆண்கள் டிரெய்லர் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வரிசையில் குடியிருக்கிற, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற லூசியன், தன் வீட்டு நாற்காலிகளை எல்லாம் எடுத்துப் போட்டிருந்தார். அதில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் செம்மல். அருள்முருகனுக்குப் பெரியப்பா முறை. வாழ்நாளில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து போனில் பத்துப் பன்னிரண்டு வீடியோ பார்த்துவிட்டதால் டிரெய்லரில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"மொதல்ல ஆக்ஸில் பாக்கணும்ப்பா. ரெண்டா, மூணா. மூணு ஆக்ஸில்னா பாரம் பிரிஞ்சு போவும். அப்புறம் ஸ்பிரிங் பட்டை. எத்தினி பட்டை அடுக்கிக்கிது, எது தேஞ்சிருக்குதுன்னு எண்ணிப் பாக்கணும். கழுத்துல போட்டிருக்கற பிளேட்டு எத்தினி எம்எம்னு அளந்து பாக்கணும். இவனுங்க எதயும் பாக்காம எடுத்தானுங்க."

"பாத்துதான் எடுத்தாங்க, பெரியப்பா," என்றான் வடிவேல். அருள்முருகனின் தம்பி. ஒரே நாளில் தொண்டை கட்டிப்போயிருந்தது. "எங்க அண்ணி மூணு மாசம் பாத்து எடுத்தாங்க. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. கழுத்துல வெல்டு வச்சானே அந்த புருஷோத்தமன், அவன் மேலதான் தப்பு. வெல்டு வச்சு மூணு வாரம் ஆவல. அதே எடத்துல வுட்டுப்போச்சு. அவன நான் சும்மா வுடமாட்டேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த சிவசங்கரிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மூன்று மாதம் என்பது சரிதான்.

வாடகை டிரெய்லரை நம்பி அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்பவன் பதினொன்றுக்கு வருவான். அதற்குள் வேலை வேறொருவனுக்குப் போயிருக்கும். சொந்தமாக ஒன்று எடுத்துவிடலாம் என்று சொன்னதே அவள்தான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் யோசனை அது. அருள்முருகன் ஆறாவதோடு நின்றவன், இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் பிளஸ் டூ முடித்தவள். போனில் பார்த்தாள், ஆட்களிடம் விசாரித்தாள், ஒரு நோட்டுப் போட்டு எழுதினாள். கூஸ்நெக் என்றால் என்ன, கழுத்து வளைகிற இடத்தில் இரும்பு எப்படிக் கிழியும், இழுக்கிற வண்டியில் மாட்டுகிற இரும்பு முளை தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, பின்னால் ஏறுகிற சாய்தளம் எத்தனை அடி இருக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் படித்தாள். சோறு போடும்போது அவன் கேள்வி கேட்பான், அவள் பதில் சொல்வாள். பரீட்சைக்குப் படித்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

சங்ககிரியில் ஒரு யார்டில் ஐந்து டிரெய்லர் நின்றன. ஒன்றில் பட்டை ஒடிந்திருக்கிறது என்றாள். ஒன்றில் கழுத்தில் பழைய வெல்டு, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள் என்றாள். முதலில் சிரித்துக்கொண்டே வந்த புரோக்கர் மூன்றாவது வண்டிக்குப் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டான். ஐந்தாவது வண்டி பிடித்திருந்தது. கழுத்தோரம் சேறு அப்பிய தகடு ஒன்று இருந்தது. முந்தானையால் துடைத்துப் படித்தாள். மொத்த எடை இருபத்தேழாயிரம் கிலோ. அதற்குக் கீழே காலி வண்டி எடை எட்டாயிரத்து அறுநூறு.

"எவ்ளோ தூக்கும்?" என்று கேட்டான் அருள்முருகன்.

"இருபத்தேழு டன். நம்ம பொக்லைன் இருபத்தொண்ணு. ஆறு டன் மிச்சம் இருக்குது."

"பாத்தீங்களா, எங்க வூட்டு எஞ்சினியரு!" என்று அவன் புரோக்கரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

அந்த இருபத்தேழு, வண்டியும் பாரமும் சேர்ந்த எடை. தராசில் ஆளையும் அவன் தலையில் இருக்கிற மூட்டையையும் சேர்த்து நிறுப்பதைப் போல. ஆளின் எடையைக் கழித்தால்தான் மூட்டை எவ்வளவு என்று தெரியும். பட்டையை எண்ணினாள், பிளேட்டை அளந்தாள், டயரின் கோடுகளைக்கூடத் தடவிப் பார்த்தாள். இரண்டு எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்தவளுக்கு ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கத் தோன்றவில்லை.

பதினான்கு மாதம் வண்டி ஓடியது. மூன்று வாரத்துக்கு முன்னால் கழுத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் தெரிந்தது. வழுதாவூர் சாலையில் இருக்கிற புருஷோத்தமனின் பட்டறைக்கு இரண்டு பேருமாகக் கொண்டுபோனார்கள். புருஷோத்தமன் அதிகம் பேசாத மனிதர். வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து வந்து சிவசங்கரியிடம்தான் கேட்டார். வண்டியைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்பது அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

"தங்கச்சி, கம்பெனியில வச்ச வெல்டு நல்லாதான் இருக்குது. வெல்டுக்குப் பக்கத்துல இரும்பு கிழிஞ்சிருக்குது. இது பாரத்துல வர்றது. எவ்ளோ ஏத்துறீங்க?"

"இருபத்தொண்ணு டன்னுண்ணே. இருபத்தேழு வரைக்கும் ஏத்தலாம்."

"காலி வண்டி எடைய கழிச்சுட்டுத்தான சொல்ற?"

தகட்டில் கீழே இருந்த இன்னொரு எண் அவள் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் அருள்முருகன் டீ கிளாஸோடு நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகமாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளையைப் பெற்றவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தான்.

"அதெல்லாம் பாத்துட்டுத்தாண்ணே எடுத்தோம்," என்றாள்.

"அப்ப செரி. மேல ஒரு பிளேட்டு வச்சு அடிச்சுத் தரேன்."

இரண்டு நாள் கழித்து வண்டி வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலம் ஆர்சி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தாள். பதினெட்டாயிரத்து நானூறு. மறுபடி கழித்தாள். பதினெட்டாயிரத்து நானூறுதான். பதினான்கு மாதமாக ஒவ்வொரு நடையும் இரண்டரை டன்னுக்கு மேல் அதிகம் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி போயிருக்கிறது.

அதற்குப் பிறகு அவளுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. ஒரு நாள் அவன் அசந்து வந்தான், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். ஒரு நாள் மாமியார் கூட உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் அவன் போனில் யாரிடமோ, "டிரெய்லர் எடுக்கணும்னா எங்க வூட்ல கேளுங்க, எல்லாம் அவதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது? கையில் இருக்கிற வேலை முடியட்டும், பிறகு சொல்லி, வேறு டிரெய்லர் மாற்றிவிடலாம் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டாள். புதிதாக பிளேட் வைத்திருக்கிறதே, அது தாங்கும் என்றும் நினைத்தாள். வெட்கம். வேறு ஒன்றுமே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஓர் ஆளைக் கொடுத்துவிட்டாள். நேற்றுக் காலையும் வாசலில் நின்று, "அந்தக் கழுத்த ஒரு தடவ பாத்துட்டு ஏத்துங்க" என்றுதான் சொல்ல முடிந்தது. "புருஷோத்தமன் போட்டது சங்கரி, யானைய கட்டி இழுத்தாலும் வராது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

வெளியே திடீரென்று நாற்காலிகள் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏன்டா, இங்க வர்றதுக்கு ஒனக்கு இன்னா தைரியம்டா!"

சிவசங்கரி எழுந்து சன்னலுக்கு ஓடினாள். பந்தல் முனையில் புருஷோத்தமன் மாலையோடு நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வடிவேல் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த நிமிஷம் கை ஓங்கி அறைந்தான். மறுபடி அறைந்தான். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. லூசியன் நடுவில் புகுந்து, பிரெஞ்சும் தமிழுமாக, "லெஸ், லெஸ், விடுப்பா, சாவு வீடு" என்று வடிவேலின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். எண்பது வயசு மனிதர் இழுத்து எவன் வருவான்?

புருஷோத்தமன் கையைத் தூக்கவே இல்லை. மாலை மட்டும் நசுங்காமல் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்திருந்தார்.

"சொல்லுடா, இன்னாத்த வச்சு வெல்டு அடிச்ச? சொல்லுடா!"

புருஷோத்தமன் சன்னலைப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் சிவசங்கரியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு நடந்துடுச்சுப்பா," என்றார்.

அவர் அப்போது அவளைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். நான் கேட்டேன், அந்தப் பெண் சரி என்று சொன்னாள் என்று ஒரு வார்த்தை போதும். நேற்று ஸ்டேஷனில் அவரை நாலு மணி நேரம் உட்காரவைத்திருக்கிறார்கள், அங்கேயும் சொல்லவில்லை என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. நேற்றுத்தான் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணின் மேல் பழியைத் தூக்கிப் போட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. யாராவது வந்து தன்னையும் நாலு அறை அறைந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. ஒரு பெண் வந்து தோளைப் பிடித்து, "நீ ஏம்மா இதெல்லாம் பாக்கற, வா" என்று உள்ளே இழுத்தாள்.

இரண்டரை மணிக்கு சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏட்டு உள்ளே வந்தார். பின்னால் வடிவேல். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கூடவே செம்மலும் வந்துவிட்டார். எந்தக் காகிதமும் தன் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்று நினைக்கிறவர் அவர்.

"எடுக்கறதுக்கு முந்தி ஒரு கையெழுத்தும்மா," என்றார் ஏட்டு. நல்ல மனிதர்தான், குரல் தாழ்ந்திருந்தது. "சம்சாரம் நீங்க. நீங்க குடுத்தாதான் கேஸ் நிக்கும். உங்க கொழுந்தனாரு சொல்ல சொல்ல நான் எழுதிட்டேன். அடியில ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"படிச்சுக் காட்டட்டுமா அண்ணி?" என்றான் வடிவேல்.

"நானே படிக்கறேன்."

படித்தாள். எண்ணெய் படாத தலைமுடி முகத்தில் விழ, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மேற்படி புருஷோத்தமன் என்பவர் கவனக்குறைவாகவும் தரமற்ற முறையிலும் வெல்டிங் வேலை செய்ததே எனது கணவரின் மரணத்திற்குக் காரணம். அந்த இடத்தில் அவள் கண் நின்றது. செல்வாம்பாள் இப்போதும் அவள் இடது கையைப் பிடித்திருந்தாள்.

"போடு சங்கரி. என் புள்ளைய கொன்னவன் வெளிய நடமாடக் கூடாது."

சிவசங்கரி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். இந்த வீட்டில் அவள் எப்போதும்போல இருக்கலாம். மகராசி, முன்கூட்டியே சொன்னவள், எஞ்சினியர். சன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவின் எதிர்ப்பக்கத்தில் லூசியன் வீட்டுப் படியில் புருஷோத்தமன் உட்கார்ந்திருந்தார். உதட்டில் கைக்குட்டை. மடியில் மாலை.

"இது நெஜம் இல்ல," என்றாள்.

"இன்னா?"

"அந்த அண்ணன் அன்னிக்கே கேட்டாரு. காலி வண்டி எடைய கழிச்சியான்னு கேட்டாரு. நான் கழிக்கல. கழிச்சேன்னு பொய் சொன்னேன். அவரு மேல தப்பு இல்ல. வண்டிக்கு நான்தான் அதிகமா பாரம் சொல்லிட்டேன்."

கூடத்தில் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"அண்ணி, துக்கத்துல இன்னாவோ பேசறீங்க."

"பாவம், பொண்ணுக்கு மூள கொழம்பிப் போச்சு," என்றார் செம்மல். "நேத்துலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல இல்ல? சோடா வாங்கியாங்கப்பா."

"எனக்கு ஒண்ணும் கொழம்பல! நெஜமாத்தான் சொல்றேன், கேளுங்க! வடிவேலு, நீயாவது கேளு!"

அவள் கத்தக் கத்த அவளைப் படுக்கவைக்கத்தான் ஆள் வந்தது. ஒருத்தி விசிறினாள். ஒருத்தி தலையைத் தடவிக் கொடுத்தாள். புருஷன் செத்தால் பெண்கள் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு அழுவது வழக்கம்தான், நான்தான் உன்னைக் கொன்றேன் என்று ஒப்பாரியில்கூட வருகிறது, இதுவும் அதுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்பா சாமி, வாழ்நாளில் ஒருமுறை உண்மையைச் சொல்ல வந்தால் அதைக் கேட்க ஓர் ஆள் இல்லையே என்று அவளுக்கு வெறி வந்தது.

ஏட்டின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். புகாரின் அடியில் எழுதினாள். 27,000. அதற்குக் கீழே 8,600. ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 18,400. பக்கத்தில், பொக்லைன் 21,000 என்று எழுதினாள். எழுதியதை செம்மலின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"பெரியப்பா, நீங்க வீடியோவுல பாத்தீங்க இல்ல? படிச்சு சொல்லுங்க."

செம்மல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார். உதடு அசையப் படித்தார். ஒரு தடவை மேலிருந்து கீழே போனார், ஒரு தடவை கீழிருந்து மேலே வந்தார். "பதினெட்டுதான் ஏத்தலாமா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. காகிதத்தை ஏட்டிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் வாய் மூடியது அப்போதுதான்.

வடிவேல் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சரிந்து உட்கார்ந்து அதன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"சங்கரி." செல்வாம்பாள் மெதுவாகக் கூப்பிட்டாள். அவளுக்கு எண் எதுவும் புரிந்திருக்காது. மற்றது புரிந்துவிட்டது. "நேத்து காலைல கழுத்த பாக்கச் சொன்னியே. அது இதனாலதானா?"

"ஆமா அத்த."

"உனக்கு எத்தினி நாளா தெரியும்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். நேற்றுத்தான் தெரிந்தது என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

"பத்தொம்போது நாளா."

செல்வாம்பாள் அவள் கையை விட்டுவிட்டாள். உதறவில்லை. எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டாள்.

ஏட்டு தொண்டையைக் கனைத்தார். "யம்மா, இத நான் கொண்டு போனா கேஸ் உங்க பக்கம் திரும்பும். ஸ்டேஷனுக்கு, கோர்ட்டுக்குன்னு அலையணும். தெரியுதில்ல? வேணும்னா இந்தத் தாள கிழிச்சுட்டு, காரியம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

"கிழிக்காதீங்க," என்றாள். அவர் எழுதியிருந்ததைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கணக்குக்குக் கீழே, புருஷோத்தமன் கேட்டார், நான் பொய் சொன்னேன் என்று எழுதி, சிவசங்கரி என்று முழுதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு மேளம் அடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். சிவசங்கரி அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுடுங்க, மன்னிச்சுடுங்க" என்று கத்தினாள். எப்போதும் இந்த நேரத்தில் பெண்கள் பாய்ந்து வந்து பிரித்தெடுப்பார்கள். இன்று யாரும் உடனே வரவில்லை. கடைசியில் மேனகா என்கிற எதிர்வீட்டுப் பெண்தான் வந்து விரல் விரலாக அவளைப் பிரித்தாள். பாடை தெருமுனை திரும்பும்போது புருஷோத்தமன் படியிலிருந்து எழுந்து வந்து, கூட்டத்தின் கடைசியில், மாலையோடு நடப்பது தெரிந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பிணம் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டு, தாலியறுத்தவளுக்குப் பின்கட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வீட்டு வழக்கப்படி மூன்று குடம். முதல் குடம் மாமியார் ஊற்றுவாள். உன்னை இந்த வீட்டை விட்டு அனுப்பவில்லை, நீ எங்களோடுதான் என்பதற்கு அது அடையாளம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஊற்றலாம்.

மேனகா அவளைப் பலகையில் உட்காரவைத்தாள். வளையலை உடைத்தார்கள். பூவை எடுத்தார்கள். சிவசங்கரி குனிந்து உட்கார்ந்தாள். அண்டாவில் குடம் முங்கித் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. செல்வாம்பாளின் மெட்டி இல்லாத பாதங்கள் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அவள் காத்திருந்தாள். தலைக்கு மேல் மாமியாரின் மூச்சு கேட்டது. குடத்து விளிம்பிலிருந்து ஒரு சொட்டு அவள் புறங்கழுத்தில் விழுந்தது.

"ஊத்துங்க பெரியம்மா," என்றாள் மேனகா. "நேரமாவுது."

செல்வாம்பாள் குடத்தைச் சாய்த்தாள். அவசரப்படாமல், கடைசிச் சொட்டு வரைக்கும், பலகைக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ஊற்றினாள். காலிக் குடத்தை அண்டாவின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் குடத்தைத் தொடவில்லை. தண்ணீர் பலகையின் இரண்டு பக்கமும் ஓடி, உடைந்த வளையல் துண்டுகளை நகர்த்திக்கொண்டு சாக்கடையை நோக்கிப் போனது. சிவசங்கரி நனையாத தலையோடு இன்னும் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.